பட்டிக்குக் கீழே

புதுப்பிக்கப்பட்ட பழைய காரின் மேற்பரப்பு என்னை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. பளபளப்பு அதன் வேலையைச் செய்கிறது, சுற்றி நிற்பவர்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள், உரிமையாளர் பானட்டின் மேல் விழுந்த காக்கை எச்சத்தை மஞ்சள் துணியால் ஒற்றி எடுக்கிறார். சங்கடம் வருவது குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்கும்போதுதான். அங்கே சேறு இல்லை, கிரீஸ் பிசுக்கு இல்லை, கல் தெறித்த வடு இல்லை. சேசிஸ் ஒரே கறுப்பாக மின்னுகிறது, போல்ட்டுகளின் தலைகளெல்லாம் ஒரே நிறம். அறுபதுகளில் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றுகூடச் சாதாரணக் கார் எதுவும் இப்படி இருந்திருக்காது. அன்றைய பெயின்ட் ஆரஞ்சுத் தோலாகப் பொரிந்திருக்கும், கதவின் உள்விளிம்பில் வழிந்து அப்படியே உறைந்திருக்கும். யார் கண்ணிலும் படாத இடத்துக்கு ஒரு கோட் குறைவாகத்தான் போகும். ஒரு கதவின் சந்தில் விரல் நுழையும், மறு கதவின் சந்தில் நகம்தான் நுழையும். இந்தக் குறைகளோடு ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதி, வண்டி வெளியே வந்துவிடும். ஆக, இவ்வளவு பணம் கொடுத்து நாம் திரும்பப் பெறுவது அந்தக் காரின் முதல் நாளை அல்ல. அதற்கு ஒருபோதும் வாய்க்காத ஒரு முதல் நாளை. அதற்காக வழியில் எதையெல்லாம் அழிக்கிறோம் என்பதுதான் சில காலமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

பணத்தின் கணக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்காது. ஒரு காரை முழுமையாகப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆயிரம் மணி நேரம், இரண்டாயிரம் மணி நேரம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களை வியக்கவைப்பதில்லை. போட்டிக்குக் கொண்டுபோகிற கார் என்றால் அதற்கும் மேலே. தொழிற்சாலையில் எஃகு அச்சு ஒருமுறை இறங்கி ஏறினால் ஒரு மட்கார்டு கிடைத்தது. அச்சு எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது அதே மட்கார்டைத் தட்டி எடுக்க, சுத்தியலும் டாலியுமாக ஒரு மனிதர் நாள்கணக்கில் உட்கார வேண்டும், ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் பார்க்க வேண்டும். வில்லியம் பாமோலும் வில்லியம் பவனும் 1966இல் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் பற்றி எழுதிய நூல் இந்த இடத்தில் நினைவுக்கு வரும். நான்கு பேர் வாசிக்க எழுதிய இசைக்கு நூறு வருடம் கழித்தும் நான்கு பேர் வேண்டும், வாசிக்கும் நேரமும் குறையாது, ஆனால் மற்ற தொழில்களில் சம்பளம் ஏற ஏற இவர்களுக்கும் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்பது அவர்கள் கண்ட சிக்கல். கார் புதுப்பிப்புக்கு இது அப்படியே பொருந்துவதாக நானும் வெகுகாலம் நம்பினேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. நம்மூரில் பில் ஏறிய அளவுக்கு டிங்கரின் கூலி ஏறவில்லை. சார்லஸ் வேர் இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் தொழில் நடத்திவந்தவர். அவர் 1990களின் தொடக்கத்தில் தகடுகளைக் கையால் செய்விக்கத் தேடி வந்த இடம் இலங்கையின் காலிப் பக்கம். அங்கே மோரிஸ் மைனர் அப்போதும் அன்றாடம் ஓடிய வண்டி, அதைத் தட்டி நிமிர்த்தும் கைகளும் இருந்தன, கூலியும் மலிவு. பாத்தில் மணிக்கணக்காக எண்ணப்பட்டது காலியில் நாள்கூலியாக எண்ணப்பட்டது. ஒரே சுத்தியலடிக்கு இரண்டு விலை என்றால், வேலைக்கான நேரம் மட்டும் விலையைத் தீர்மானிக்கவில்லை என்றுதானே பொருள்?

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி வரைந்தது, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. அந்தக் காலத்தில் மற்றவர்கள் பாடியையும் சேசிஸையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்க, இது மட்டும் பழைய முறைப்படி தனிச் சேசிஸின் மேல் துண்டு துண்டான பாடியைப் போல்ட் போட்டு இறுக்கிய வண்டி. பழமைமேல் பிரியம் எதுவும் காரணமல்ல. பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் செய்துதர ஆளில்லாமல், துண்டுகளைப் பல இடங்களில் செய்வித்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடி பிறகு நம் மெக்கானிக்குகளுக்கு வரமாக அமைந்தது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜினைப் பார்க்கலாம், நான் அப்படி உட்கார்ந்து பிளக் கழற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். 1961 முதல் சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இதைச் செய்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுதான். நம்மவர்கள் பிற்பாடு நான்கு கதவு வைத்தார்கள். அம்மாவும் அத்தையும் பாட்டியும் பின்சீட்டுக்கு முன்சீட்டை மடித்துக்கொண்டு ஏற வேண்டிய குடும்பச் சங்கடம் அதோடு தீர்ந்தது. அந்த நல்ல யோசனைதான் இன்று பில்லில் கனக்கிறது. ஹெரால்டின் என்ஜின் வம்சம் 1980 வரை டிரையம்பின் ஸ்பிட்ஃபயர் காரில் ஓடியது, அதனால் பிஸ்டன், வால்வு, பேரிங் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கும், சுங்கவரி கட்டத் தயாராக இருந்தால். பின்கதவின் ரப்பர் பீடிங்கும் கண்ணாடியும் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு லாக்கும் உலகில் வேறெங்கும் செய்யப்படாதவை. அவற்றுக்குப் புதுப்பேட்டையில் சந்து சந்தாக அலைய வேண்டும், இல்லையென்றால் லேத் பட்டறையில் ஒரே ஒன்றைக் கடைந்து வாங்க வேண்டும். ஆயிரம் செய்தால் மலிவாகிற பொருள் ஒன்று செய்தால் நகை விலைக்கு வரும்.

நண்பர் ஒருவர் தன் அப்பாவின் நான்கு கதவு ஹெரால்டை ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் விட்டார். பட்டறை என்று நான்தான் சொல்கிறேன், அவர்கள் ஸ்டூடியோ என்கிறார்கள். அவர்கள் போட்ட மதிப்பீடு, அந்தக் காரை விற்றால் கிடைக்கக்கூடியதைப்போல நான்கைந்து மடங்கு. அதில் என்னை உறுத்தியது மொத்தத் தொகை அல்ல. எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது என்பது. புதிய உதிரிகளுக்கு ஒரு பங்கு, பெயின்டுக்கு ஒரு பங்கு. அவற்றைவிடப் பெரிய பங்கு பிரிப்பதற்கும் நீக்குவதற்கும். எதை நீக்க? ஐம்பது வருடங்களாக அந்தக் காரை ஓடவைத்த வேலைகளை. டைனமோ போன இடத்தில் யாரோ பொருத்திய மாருதி ஆல்டர்னேட்டர், அதற்காக வளைத்துச் செய்த கிளாம்ப். டிக்கியின் அடியில் ஸ்டெப்னி உட்காரும் இடத்தில் டின் தகடு வைத்து ரிவெட் அடித்த ஒட்டு. மழைநீர் தேங்கி அரித்த சேசிஸின் பக்கக் கைகளில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தலைமுறைப் பற்றவைப்பு. கதவுகளில் பட்டி, பட்டியின் மேல் பெயின்ட், பெயின்டின் மேல் மறுபடி பட்டி. பட்டறைக்காரர் இவற்றை எல்லாம் 'தப்பு' என்ற ஒரே தலைப்பில் சேர்த்திருந்தார். இந்தத் தப்புகளில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அந்தக் கார் எண்பதுகளிலேயே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அவர் புதுப்பிக்க ஒரு கார் மிஞ்சியதே இந்தத் தப்புகளால்தான். இதை அவரிடம் சொன்னபோது, உண்மைதான் சார் என்று தலையாட்டினார். தொகையில் ஒன்றும் குறையவில்லை.

அங்கே டிங்கர் வேலைக்கு வருகிற பெரியவர் ஒருவர் புதுப்பேட்டையில் கை பழகியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. கிரைண்டரை வைப்பதற்கு முன்னால் அவர் ஒட்டுகளைப் படிக்கிறார். விரலால் தடவி, நகத்தால் கீறி, சில இடங்களில் மூக்கை அருகே கொண்டுபோய். சேசிஸ் ஓரத்தில் ஒரு தழும்பைக் காட்டி, "இது மெட்ராஸ் கையே இல்ல சார். பித்தளை போட்டுப் பத்த வெச்சிருக்கான். நம்மாளுங்க இரும்புக் கம்பிதான் போடுவோம்" என்றார். எந்த ஊராக இருக்கும் பாய் என்று கேட்டேன். "ஊரு இன்னா தெரியும். ஆனா அவசரத்துல செஞ்சது இல்ல. உக்காந்து செஞ்சிருக்கான்." நண்பரின் அப்பா சில காலம் வேலை நிமித்தம் தெற்கே இருந்தார் என்பது பிறகு பேச்சில் வந்தது. கோப்பில், ஆர்.சி. புத்தகத்தில், எதிலும் இல்லாத ஒரு இடமாற்றம் ஒரு விரற்கடைப் பித்தளையில் இருந்தது. அதை விட்டுவைக்கவும் முடியாது. பித்தளை கலந்த இடத்தில் புதிய இரும்புப் பற்றவைப்பு பிடிக்காது, வெடித்துவிடும். அதனால் ஒட்டைச் சுற்றி நல்ல இரும்பையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுக்க வேண்டும். பொறுமையாக உட்கார்ந்து செய்தவனின் வேலையை நீக்குவதற்குத்தான் அதிக மணி நேரம் பிடிக்கிறது. அலட்சியமாகச் செய்தவன் ஒட்டியது தட்டினாலே உதிர்ந்துவிடுகிறது, அதற்குப் பில் இல்லை. பாயின் நாள்கூலியும் அவருடைய ஒரு மணி நேரத்துக்கு மதிப்பீட்டில் எழுதப்பட்ட தொகையும் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரும் எரிச்சலைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு பழையதை நீக்கும்போது வரும் இந்தச் சங்கடம் புதிதாக இருக்காது. தூண்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்குகிறோம் என்று அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சினார்கள். பிசுக்கோடு சேர்ந்து சிற்பத்தின் நகக்கண்ணும் கல்வெட்டின் எழுத்தோரமும் போயின. பிறகு அந்த முறைக்குத் தடை வந்தது. காருக்கும் மணல்வீச்சு உண்டு, அதே கம்ப்ரசர், அதே மூக்கு. மெல்லிய தகட்டில் வேகமாக அடித்தால் நெளிந்துவிடும் என்பதால் தெரிந்தவர்கள் கதவுக்கும் பானட்டுக்கும் சோடா உப்போ வேறு மென்மையான பொடியோ பயன்படுத்துகிறார்கள். ஒப்பீட்டை நான் அதிகம் இழுக்க விரும்பவில்லை. கல் தூண் ஓடவேண்டியதில்லை, அதற்கு பிரேக் இல்லை.

இங்கேதான் என் சங்கடத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒட்டுப்போட்டவர்களைப் பற்றி நெகிழ்வது எனக்குச் சுலபம், அந்த ஒட்டை நம்பி நெடுஞ்சாலையில் போகப்போவது நானல்ல. பட்டிக்குக் கீழே துரு நிற்காது, அது இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும், மேலே பெயின்ட் கொப்பளிக்கிற அன்றுதான் தெரியவரும். அந்த ஹெரால்டின் பின் பிரேக் குழாய் ஒன்றில், கசிந்த இடத்தைச் சுற்றி ஏதோ பசை பூசி டேப் சுற்றியிருந்ததை பாயே எடுத்துக் காட்டித் திட்டினார், அச்சில் ஏறாத வார்த்தைகளில். ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் வேறு பெயர் போனது. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பிற்பாடு வந்த கேஸல் என்ற காரில் நம்மவர்கள் அதை மாற்றிச் சாதாரண அச்சே வைத்தார்கள். அப்படிப்பட்ட வண்டியில் மூன்று தலைமுறைப் பற்றவைப்பு என்பது கவிதை எழுதும் விஷயமல்ல. ஒட்டுப்போட்டவர் எல்லாம் கலைஞருமல்லர். பெரும்பாலும், கார் உரிமையாளரின் சட்டைப்பையில் அன்று இருந்த காசுக்கு என்ன முடியுமோ அதைச் செய்தவர்கள். மறுநாள் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேண்டும் என்று நின்றவருக்காக இரவோடு இரவாக டின் தகடு வெட்டியவர்கள். அந்தத் தகட்டைச் சரித்திரம் என்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் முதலில் சிரிப்பவர் அதை வெட்டியவராகத்தான் இருப்பார்.

குரோம் பற்றி ஒரு வார்த்தை, இடையில். பம்பரைப் புதிதாக்க வேண்டும் என்றால் பழைய பூச்சை அமிலத்தில் கரைத்து, தேய்த்து, செம்பு ஏற்றி, மறுபடி தேய்த்து, நிக்கல் ஏற்றி, கடைசியில்தான் குரோம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாக. நாம் குரோம் என்று ரசிக்கிற பளபளப்பு பெரும்பாலும் அடியில் இருக்கும் நிக்கலுடையது. துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி, எழுத்து, விளக்கு வளையம் இவற்றில் குழி விழுந்திருந்தால் வேலை பல மடங்கு. ஒவ்வொரு குழியையும் தோண்டி, செம்பால் நிரப்பி, சமன்செய்ய வேண்டும். ஒரு விளக்கு வளையத்துக்குக் கேட்ட விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அமிலத் தொட்டிக்கு மேலே முகமூடி இல்லாமல் குனிந்து நிற்கும் பையன்களையும், அந்தத் தொட்டி எங்கே போய் வடிகிறது என்பதையும் பார்த்தபின், இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும், கேட்டதை அந்தப் பையன்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவு பம்பருக்காக வந்ததல்ல, தோல் பதனிடும் உப்புக்காக வந்தது. என்றாலும் மின்னும் பம்பரைப் பார்க்கும்போது அந்தக் கழிவிலிருந்து வடியும் மஞ்சள் நீர் எனக்கு நினைவுக்கு வருவதைத் தடுக்க முடிவதில்லை.

பழைய கார் உலகமே இந்தக் கேள்வியில் இரண்டுபட்டுத்தான் இருக்கிறது. 1929இலும் 1930இலும் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஒன்று உண்டு, ஓல்டு நம்பர் ஒன் என்று பெயர். 1990இல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே அல்ல, அன்றைய உறுப்புகளில் சொற்பம்தான் மிஞ்சியிருக்கிறது என்று பின்வாங்கினார்கள். வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஓட்டன், உறுப்புகள் மாறியிருந்தாலும் அறுந்துபோகாத ஒரே வரலாறு இந்தக் காருக்கு இருக்கிறது, ஆகவே இது அதுதான் என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். அதாவது ஒரு கார் அந்தக் காராக இருப்பது அதற்கு நடந்த மாற்றங்களை மீறியல்ல, அவற்றின் வழியாகத்தான். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்ற டுரின் சாசனமும், ஒரு வண்டியின் இயல்பான ஆயுளில் அதற்கு நேர்ந்த மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சாட்சி, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றே சொல்கிறது. நம் சட்டம் வேறு திசையில் போகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய கார் விண்டேஜ் என்று பதிவாகலாம், இருபதாயிரம் ரூபாய் கட்டணம், எண் பலகையில் வி.ஏ. எழுத்துகள். ஆனால் அது அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. ஐம்பது வருடம் ஓடிய ஏழை நாட்டுக் காருக்கு இந்த நிபந்தனை எப்படிப் பொருந்தும்? கொடுக்க முடிந்தவர் ஒட்டுகளை அழித்துவிட்டு அசல் என்று கொண்டுபோய் நிறுத்துகிறார். கொடுக்க முடியாதவரின் கார்தான் உண்மையில் அந்த ஐம்பது வருடத்தையும் வைத்திருக்கிறது.

இதைச் சொன்னதும் சிலர் பெபிள் பீச்சைக் காட்டுவார்கள். கலிபோர்னியாவில் 1950 முதல் நடக்கும் அந்தக் கண்காட்சியில், தலைசிறந்த கார் என்ற விருதை 2024இல் முதன்முறையாகப் புதுப்பிக்கப்படாத ஒரு கார் வென்றது. பெல்ஜியத்து மன்னர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்த 1934ஆம் வருடத்துப் புகாட்டி, டைப் 59. பெயின்ட் விரிந்து, உரிந்து, அப்படியே வந்து நின்றது. அதற்கும் முன்னால், மஜ்ஜோரே ஏரியின் அடியில் எழுபது வருடத்துக்கும் மேலாகக் கிடந்து 2009இல் தூக்கப்பட்ட மற்றொரு புகாட்டி, பாதி கரைந்த எலும்பாக, அடுத்த ஆண்டு ஏலத்தில் சுமார் 2.6 லட்சம் யூரோவுக்குப் போய், அதே கோலத்தில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. துருவுக்கும் மரியாதை வந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மன்னர் வீட்டுத் துருவுக்கு வந்த மரியாதை அது. அந்த விரிசல்கள் யார் வறுமையையும் காட்டவில்லை, யாரும் அவசரத்தில் டின் தகடு வைத்து அடைக்கவில்லை. தொடாமல் விட்டுவைக்க முடிந்ததே ஒரு வசதிதான். புதுப்பேட்டை ஒட்டுகளோடு ஒரு ஹெரால்டு பெபிள் பீச்சின் புல்தரையில் ஏறினால் அதற்குப் பெயர் பாதுகாக்கப்பட்ட கார் அல்ல, கவனிக்கப்படாத கார்.

நண்பரிடம் இதையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லவில்லை, விட்டுவிட்டுச் சொன்னதில் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். சேசிஸ், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் முறையாகச் செய்யட்டும், டிக்கிக்குள் இருக்கும் அந்த ரிவெட் அடித்த டின் ஒட்டை மட்டும் அப்படியே விட்டுவிடலாமா என்று பட்டறையில் கேட்டிருக்கிறார். அதில் 'டால்டா' என்ற எழுத்தின் பாதி தலைகீழாகத் தெரியும், அவர் சின்ன வயதில் டிக்கியில் சாமான் ஏற்றி இறக்கும்போதெல்லாம் அதைப் படித்தவர். பட்டறைக்காரர் மறுக்கவில்லை. திருத்திய மதிப்பீடு ஒன்றை அனுப்பினார். விட்டுவிடுவது என்றால் சும்மா விட்டுவிடுவது அல்லவாம். ஒட்டைக் கழற்றி, இரு பக்கமும் துருவை மருந்தால் நிறுத்தி, அச்செழுத்து போகாமல் மேலே நிறமற்ற பூச்சு ஏற்றி, கீழே புதுத் தகடு வைத்து, பழைய ரிவெட் போலவே ரிவெட் செய்வித்து, மறுபடி அதே இடத்தில் பொருத்த வேண்டும். அந்த ஒரு வரிக்கு எதிரே இருந்த தொகை, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதற்கு முதலில் போட்டதைவிட அதிகம். நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை. கார் அங்கே பாதி பிரிந்து நிற்கிறது, நிற்கும் இடத்துக்கு மாத வாடகை தனி.